கதவோரத்து இசை அலமாரிக்கு இன்னொரு நம்பர்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் நீளமாக எழுதியது ஒரு மனு. அதிலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு என் பெயரை விட்டுவிட்டேன். மறதியும் அதிகம். படித்த புத்தகத்தில் யார் அழுதார்கள் என்பது நினைவில் நிற்கும், யார் எழுதினார்கள் என்பது நிற்காது. அதனால் இதில் புத்தகங்களின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். அட்டையின் நிறத்தைச் சொல்வேன், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறையோடு ஏன் எழுத வந்தாய் என்று கேட்டால், அவசரம் ஒன்று வந்துவிட்டது.

நம் தீவுத் தமிழ்ப் படிப்பகம் தை மாதக் கடைசியில் அபர்டீன் பஜார் மாடியிலிருந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போகிறது. எல்லா அலமாரியும் அங்கே நுழையாது. அதனால் கமிட்டியில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். புத்தகத்தின் பின்னால் ஒட்டிய தாளில் குறைந்தது இரண்டு உறுப்பினர்களின் நம்பர் இருந்தால் அந்தப் புத்தகம் புது அறைக்கு வரும். ஒரே ஆள் எடுத்ததென்றால் வராது. கடைகளுக்குப் பொட்டலம் மடிக்கப் போகும். நியாயமான விதிதான். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி, கதவோரத்து இசை அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கீழே பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

"எக்கா, இதுல பத்தொம்பது புக்கு இருக்கு. பத்தொம்பதுலயும் ஒரே நம்பருதான் இருக்கு."

"யாரோட நம்பர் அண்ணாச்சி?"

"நல்லாக் கேக்கீங்க. ஒங்க நம்பருதான். வேற எவன் எடுத்தான்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தொன்பது புத்தகத்திலும் வரிசையாக, தேதி தேதியாக, என் ஒருத்தியின் நம்பர். ஏதோ களவு பிடிபட்டது போல இருந்தது.

நான் இசை தெரிந்தவள் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது மழையினால் வந்த பெயர். பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு ஆடி மாதம், பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வண்டூர் பஸ்ஸுக்கு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. குடையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அங்கே இருந்த மாடிப்படியில் ஒதுங்கினேன். சாரல் அடித்தது, இரண்டு படி ஏறினேன். இன்னும் அடித்தது, மேலே போய்விட்டேன். பார்த்தால் படிப்பகம்.

"வாங்கக்கா, புக்கு எடுக்க வந்தீங்களா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்வதுதானே! வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கதைப் புத்தகங்கள் அந்தக் கடைசியில் இருந்தன. அங்கே போக வேண்டுமென்றால், காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கும் ஆண்களிடம் கொஞ்சம் தள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு அலமாரி இருந்தது. பச்சை அட்டை ஒன்றை உருவினேன். உறுப்பினராகச் சேர்த்து நம்பரும் கொடுத்துவிட்டார்கள். இறங்கும்போது மழை நின்றிருந்தது.

அந்த அலமாரி, இங்கே வேலை பார்த்த ஒரு அதிகாரி விட்டுப்போனது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் கட்டில், பூந்தொட்டி, நாய் என்று எதையாவது விட்டுப்போவது நம் ஊரில் வழக்கம். அவர் இசைப் புத்தகங்களை விட்டுப்போனார். கரையானுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் காலிகோ துணியில் கெட்டி அட்டை போட்டிருந்தார். முதுகில் பெயர் கிடையாது. அதனால்தான் எனக்கு நிறம் மட்டும் தெரிகிறது.

பச்சை அட்டையை பஸ்ஸிலேயே தொடங்கினேன். அது ஒரு பிடில்காரர் தன்னைப் பற்றித் தானே எழுதியது. பெரிய வித்வான் இல்லை. பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர். நாற்பது வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மாலை முதலில் பாடுகிறவருக்கு விழும், மிஞ்சினால் இவருக்கு. மேடை ஏறும் முன் கை வேர்க்கும் என்று எழுதுகிறார். அதற்காக மடியில் ஒரு துண்டு வைத்திருப்பாராம். ஜனங்கள் அதை பிடிலைத் துடைப்பதற்கு என்று நினைப்பார்களாம். நாற்பது வருஷத்திலும் அந்த வேர்வை நிற்கவில்லையாம். அந்த இடத்தில் நான் இறங்கும் ஸ்டாப்பை விட்டுவிட்டு கடற்கரை வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் கேட்டார், "மாஜி, கூம்னே ஆயே க்யா?" சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்று. அதற்கும் ஆமாம் என்றேன்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு சும்மா இறங்கினால் அண்ணாச்சி வருத்தப்படுவாரே என்று அடுத்ததை எடுத்தேன். இப்படியே பத்தொன்பதும் முடிந்தது. முடிந்தபின் மறுபடி பச்சையிலிருந்து தொடங்கினேன். அதற்குள் விருப்பம் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆண்கள் அந்த மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றும் சொல்லலாம்.

மஞ்சள் அட்டையை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் எச்சரிக்கையோடு சொல்வேன். அது வீட்டிலிருந்தே பாட்டுக் கற்றுக்கொள்ள உதவும் புத்தகம். ச ரி க ம என்று வரிசை வரிசையாக அச்சடித்திருக்கிறது. மேலே ஏறிப் போக வேண்டும், பிறகு இறங்கி வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஏறுவது என்றால் சத்தத்தை ஏற்றுவது என்று நான் எடுத்துக்கொண்டேன். ச-வை முணுமுணுப்பேன், ப-வில் சாதாரணமாகப் பேசுவேன், மேல் ச-வில் கத்துவேன். எல்லாம் ஒரே குரலில், வாய்ப்பாடு சொல்வது போல. கத்துவதற்குக் கூச்சமாக இருந்ததால் குக்கர் விசில் அடிக்கும் நேரம் பார்த்து மேல் ச-வைப் போடுவேன். மூன்று மாதம் இப்படிச் சாதகம் செய்தேன். வீட்டுக்காரருக்குக் காது மந்தம். பொதுப்பணித் துறையில் கான்கிரீட் கலக்கும் மிஷினோடு வேலை பார்த்தவர். அதனால் குடும்பத்தில் சேதம் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணுக்குத்தான் காது நன்றாகக் கேட்கும். அவள் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். ஒருநாள் வேலிப் பக்கம் வந்து நின்றாள்.

"மாசி, ரோஜ் க்யா கின் ரஹே ஹோ? பஹலே தீரே, ஃபிர் ஜோர் ஸே?"

சித்தி, தினமும் என்ன எண்ணுகிறீர்கள், முதலில் மெதுவாக, பிறகு பலமாக என்று கேட்கிறாள். பாட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. தேங்காய் எண்ணுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் இருப்பது மூன்று தென்னை.

அன்று சாயங்காலம் அவள் ஆர்மோனியத்தில் விரலை ஒவ்வொரு கட்டையாக நகர்த்தினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஏறுவது என்றால் என்ன என்று காதுக்குப் புரிந்தது. மூன்று மாதம் நான் படிக்கட்டில் ஒரே படியில் நின்றுகொண்டு குதித்திருக்கிறேன். ஆகையால் மஞ்சள் அட்டை நல்ல புத்தகம்தான், பக்கத்து வீட்டில் ஆர்மோனியம் இருந்தால்.

பழுப்பு அட்டை சிரிக்க வைக்கும். நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் பழுது பார்த்தவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது. நாடகம் நடுவில் இருக்கும்போது ஆர்மோனியத்தின் துருத்தியைக் கரப்பான் அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. இவர் ராஜாவின் மீசை ஒட்டும் பசையை எடுத்து அடைத்துவிட்டார். பாட்டு வந்தது, ஆனால் அடுத்த காட்சியில் ராஜா மீசையைக் கையால் பிடித்துக்கொண்டே போருக்குப் போனார். இது எனக்கு எவ்வளவு பிடித்தது என்றால், நானும் பழுது பார்க்கத் தெரிந்தவள் என்று நினைத்துவிட்டேன். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு ஆர்மோனியம் மூச்சு வாங்கி இளைக்கத் தொடங்கியது. புத்தகத்தில் இருக்கிறது, நான் சரி செய்கிறேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக தைரியமாகச் சொன்னேன். பசை தடவினேன். இளைப்பு நின்றது. ஆனால் உள்ளே ஏதோ ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு, துருத்தியைத் தொட்டாலே ஒரு ஸ்வரம் விடாமல் கத்தியது.

"மாசி, அப் தோ ஏ சுப் ஹீ நஹீ ஹோதா!" என்றாள். இது வாயே மூட மாட்டேன் என்கிறதே என்கிறாள்.

சுருதி என்று அதற்குப் பெயர், பெரிய வித்வான்கள் அதை வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. ஆர்மோனியம் கல்கத்தாவுக்குக் கப்பலில் போய்த் திரும்ப நான்கு மாதம் ஆனது. நல்லவள். இப்போதும் மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறாள், ஆர்மோனியத்தை மட்டும் என் கண்ணில் காட்டுவதில்லை.

சிவப்பு அட்டை ஒரு பாடகி அம்மாவின் வாழ்க்கை. நல்ல பெயரும் புகழுமாக இருக்கும்போது தொண்டையில் நோய் வந்து குரல் போய்விடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பேசுகிறார். சமையல்காரியிடம் உப்பு என்று எழுதிக் காட்ட, அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. நான் எட்டு வருஷம் அந்த அம்மாவுக்காக வருத்தப்பட்டேன். கோயிலில் அவருக்காக விளக்குக்கூடப் போட்டேன். பிறகு என் மகள் வேலை செய்யும் ஆபீசில் கூட இருப்பவளின் அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார். அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் கண் கலங்கச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"அப்புறம் குரல் வந்துடுச்சே! அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் பாடினாங்களே! கடைசி அத்தியாயம் படிக்கலையா நீங்க?"

படிப்பகத்துக்குப் போய்ப் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டு, அட்டையை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது. எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எட்டு வருஷ வருத்தத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

இவ்வளவும் படித்தவள் கச்சேரி கேட்டிருக்க வேண்டாமா? ஒன்று கேட்டேன். கோயில் திருவிழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து பாடுகிறவர் வந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தொடையில் தாளம் போட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே கொசு கடித்தது போலச் சொறிந்துகொண்டேன். பாடியவரை நான் பார்க்கவே இல்லை. பிடில்காரருக்கு மடியில் துண்டு இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதோ பாருங்கள், அது கைக்கு என்று. சொல்ல ஆள் இல்லை. அந்தப் பச்சை அட்டையைப் படித்தவர் இந்தத் தீவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

இப்போது பொட்டலத்துக்குப் போகும் என்றதும் எனக்கு அதுதான் உறைத்தது. அண்ணாச்சி நல்ல மனதோடு சொன்னார், "வேணும்னா நீங்களே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருங்கக்கா. யாரு கேக்கப் போறா?" வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு தமிழ் படிக்கிறவர் கிடையாது. மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஹிந்தி எழுத்துத்தான் ஓடும். அங்கே போனால் அவை என்னோடு முடிந்துவிடும். எனக்கு வேண்டியது புத்தகம் இல்லை, அதை நான் இரண்டு தடவை படித்தாகிவிட்டது. இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மகள் ஒரு வழி சொன்னாள். "அம்மா, என்னையும் மெம்பரா சேத்துவிடு. பத்தொம்பதுலயும் என் நம்பரைப் போட்டுரு. படிக்கிறதுக்கு டைம் நஹீ ஹை, நம்பர் போட டைம் இருக்கு."

அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எக்கா, படிக்கத் தெரியாத பிள்ளை பேருல நம்பர் போட்டா அது கள்ள ஓட்டு. கமிட்டியில நீங்களே பேசுங்க. ஞாயித்துக்கிழமை காலைல கூட்டம் இருக்கு, வாங்க."

மூன்று நாள் அடுப்படியில் பேசிப் பழகினேன். "அந்தப் பத்தொன்பது புத்தகமும் நல்ல புத்தகம், விட்டுவிடாதீர்கள்." இவ்வளவுதான் பேச்சு. கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். வேறு யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். பிடில்காரரை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு ஒரு கிளாஸை என் கையில் வைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "சீனி கம்மியா?" என்று கேட்டேன். அன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசியது அதுதான். இசை அலமாரியை விட்டுப்போவதற்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

படி இறங்கும்போது அண்ணாச்சி பின்னாலேயே வந்தார்.

"என்னக்கா, மூணு நாளாப் பேசப் போறேன்னு சொன்னீங்க, டீயக் குடிச்சிட்டு வாரீங்க?"

"வாய் வரல அண்ணாச்சி."

"வாய் வராட்டிப் போகுது. கை வருமுல்லா? பொங்கல் மலருக்கு எழுதிக் குடுங்க. என்னென்ன புக்கு, ஏன் படிக்கணும்னு எழுதுங்க. அதைப் பாத்து எவனாவது வந்து எடுத்தா, அந்த புக்க நான் என் கையால பெட்டியில வைக்கேன். எடுக்கலன்னா எனக்கும் வழி இல்ல."

"எனக்கு எழுதவும் வராதே."

"நீங்க பேசினத விட நல்லாத்தான் இருக்கும்."

அதனால்தான் எழுதுகிறேன். நான்கு நிறம்தான் சொல்லியிருக்கிறேன், மீதி பதினைந்தும் அதே அலமாரியில் இருக்கின்றன. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் செய்வதைச் சொல்லும் ஊதா அட்டை மெல்லியது, ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். கறுப்பு அட்டையில் ராகங்களின் குணம் எழுதியிருக்கிறது. அதைப் படித்து ஒரு ராகத்தின் பெயரைப் பத்து வருஷம் மனதில் வைத்திருந்தேன். இங்கே நெட் ஒழுங்கானபிறகு மகள் அதைப் போனில் போட்டு என் ஒரு காதில் மாட்டினாள். வண்டூர் பஸ்ஸில் சாக்குமூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன். நான் நினைத்து வைத்திருந்தது போல அது இல்லவே இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. அதற்காகக் கறுப்பு அட்டையைக் குறை சொல்லமாட்டேன், அது சொல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

புத்தகம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை, நீங்கள் எடுக்க வசதியாக எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நினைவில் இருந்துதான் எழுதினேன், தப்பு நிறைய இருக்கும். பிடில்காரர் வாசித்தது நாற்பது வருஷமா, முப்பதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மீசை விழுந்தது ராஜாவுக்கா, மந்திரிக்கா? சிலேட்டில் எழுதியது உப்பா, புளியா? நானே எடுத்துப் பார்த்துவிடலாம். எடுத்தால் மறுபடியும் என் நம்பர்தான் விழும். ஆகவே தெரிந்தவர்கள் யாராவது தை முடிவதற்குள் ஒருதடவை மாடி ஏறி, கதவுப் பக்கத்து அலமாரியில் ஒன்றை எடுத்துப் போய்ப் படித்து, நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். போகும்போது அண்ணாச்சியிடம் உங்கள் நம்பரை எழுதச் சொல்ல மறக்க வேண்டாம்.